கீழ்வீட்டுக் கதவு

நின்றுபோன லிஃப்டைப் பார்க்க எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்ட்காரர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "கடைசியா இதுல யாரு கை வச்சது?" காவல்காரர் தலையைச் சொறிவார். குடியிருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கடைசியில் யாராவது, சோபா ஏற்றும்போது கதவுக்கு முட்டுக் கொடுத்தோம் என்று மென்று விழுங்கிக்கொண்டே சொல்வார்கள். பழுது அங்கேதான் இருக்கும். இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வி அவரைக் கைவிட்டதே இல்லை. அதனால் அதன்மேல் அவருக்குக் கொஞ்சம் கர்வம். கொஞ்சம் என்ன, நிறையவே.

வீட்டில் டம்ளர் உடைந்தாலும் அதையேதான் கேட்பார். கேட்டாலே அவர் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நான்தான் கை வச்சேன். கல்யாணத்தன்னைக்கு உங்க கையைப் புடிச்சேன் பாருங்க, அன்னையிலேர்ந்து எல்லாமே ரிப்பேர்தான்" என்பாள்.

இப்போது அந்தக் கேள்வியோடு அவர் தன் வீட்டு ஹாலிலேயே, நெட் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பெட்டியில் ஒரு விளக்கு. அது பச்சையாக இருந்தால் நெட் உண்டு, சிவந்தால் இல்லை. அதற்கு மேல் அந்தப் பெட்டி எதையும் சொல்லாது. லிஃப்ட் என்றால் முனகும், குலுங்கும், எண்ணெய் நாறும், நோயாளியைப் போல ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கும். இது வாயில்லாப் பூச்சி. இன்றைக்கும் அப்படித்தான் திடுதிப்பென்று சிவந்தது, கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்தது, பிறகு தானாகவே பச்சைக்குத் திரும்பிவிட்டது.

வேறு சமயமாக இருந்தால் போனால் போகிறது என்று விட்டிருப்பார். ஆனால் மகளின் வேலை அந்த விளக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் வரைபடம் தயாரிக்கும் படிப்பு படித்தவள். தொலைவிலிருக்கும் பெருநகரத்துக் கம்பெனி ஒன்று அவளை நேர்காணலுக்கு அழைத்தது. கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேச வேண்டும், கூடவே தான் செய்த வரைபடங்களைத் திறந்து காட்டவும் வேண்டும். முதல் தடவை நன்றாகத்தான் ஆரம்பித்தது. பாதியில் விளக்கு சிவந்தது. திரும்ப வந்தபோது அந்தப் பக்கம் யாரும் இல்லை. மகள் அழுது, கெஞ்சி எழுதிய பிறகு, இன்னொரு முறை பேசலாம், இதுவே கடைசி, நல்ல இணைப்பு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று பதில் வந்தது. வேறு எங்காவது போய்ப் பேசலாம் என்றால் அவள் வேலை முழுக்க அந்தப் பெரிய மேசைக் கம்ப்யூட்டரில்தான் கிடந்தது. செல்போன் சிக்னலோ அந்தத் தெருவுக்குள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

நெட் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். தலையில் ஹெல்மெட், தோளில் ஏணி, இடுப்பில் ஒரு மீட்டர். தெருவிலிருந்து வரும் ஒயர் முதலில் வந்து சேர்வது படிக்கட்டின் அடியில் இருக்கும் இன்னொரு சின்னப் பெட்டியில், அதில் மீட்டரைச் செருகிப் பார்த்தாள். டாக்டரைக் கண்டதும் பல்வலி ஓடிவிடுவது போல, அன்றைக்கு மேலே ஹாலில் அந்த விளக்கு பச்சைப் பசேல் என்று நல்ல பிள்ளையாக எரிந்தது.

"வெளிச்சம் நல்லா வருது சார். இந்த ஒயர்ல கரண்ட் வராது, வெளிச்சம்தான் வரும். அதுல கொறையே இல்ல" என்றாள்.

"அப்புறம் எதுக்குப் போகுது?"

"போகும்போது பார்த்தாதானே சொல்ல முடியும்? கம்ப்ளெயின்டை மூடாம வைக்கிறேன். மறுபடி வர்றேன்."

மறுபடி வருவதற்கு கம்பெனி கொடுத்த நாளோ நேர்காணல் நாளேதான், அதுவும் மத்தியானம். நேர்காணல் காலையில். அவள் போன பிறகு லிஃப்ட்காரர் படிக்கட்டடிப் பெட்டிக்கு முன்னால் குந்தினார். அதை மாட்டியிருந்த ஸ்க்ரூக்களின் தலையில் நீலப் பெயிண்ட் தெரிந்தது. காய்ந்து அதிக நாள் ஆகவில்லை. படிக்கட்டுச் சுவருக்கு நீலம் அடித்தது கீழ்வீட்டில் இருக்கும் அவருடைய சொந்த அண்ணன். பெட்டியைக் கழற்றிவிட்டு அடித்து, மறுபடி மாட்டியதும் அண்ணன்தான்.

கடைசியாக யார் கை வைத்தது? பதில் நீலமாக அவர் கண் முன்னாலேயே இருந்தது.

அண்ணன் பஸ் ஓட்டுபவர். அப்பா சின்ன வயதிலேயே கண்ணை மூடியபோது படிப்பை விட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். தம்பியை லிஃப்ட் வேலை படிக்க வைத்தது அந்த ஸ்டியரிங்தான். வீடு கட்டியபோது கீழே அண்ணன், மேலே தம்பி என்று ஆனது. அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேசத் தேவையும் வந்ததில்லை, ஏனென்றால் மேல்வீட்டு மகள் பாதி நாள் கீழேதான் வளர்ந்தாள். கீழ்வீட்டு வாசல்கதவு பெரிய முரட்டுக் கதவு. ஈரத்தில் உப்பி நிலையோடு சண்டை போடும். ஓங்கிச் சாத்தினால்தான் மூடும், அண்ணியின் கைக்கு அடங்காது, அண்ணன் கைதான் வேண்டும். தடார் என்று வீடே ஒரு தடவை அதிரும். அந்தச் சத்தம் கேட்டால் பெரியப்பா வந்தாச்சு என்று அர்த்தம். குழந்தையாக இருந்தபோது அவள் போட்டது போட்டபடி கீழே ஓடுவாள். இப்போதும் ஓடத்தான் செய்கிறாள்.

"கதவைக் கொஞ்சம் சீவிக் குடுடா. ஊர்ல இருக்கிற லிஃப்ட் கதவையெல்லாம் பாக்குற, அண்ணன் வீட்டுக் கதவு மட்டும் உன் கண்ணுக்குத் தெரியாதா?" என்று அண்ணன் எப்போது பார்த்தாலும் கேட்பார். "நாளைக்குப் பாக்குறேண்ணே" என்பார் தம்பி. அந்த நாளை வந்தபாடில்லை.

அப்படிப்பட்ட அண்ணனைச் சந்தேகப்பட யாருக்குத்தான் மனசு வரும்? லிஃப்ட்காரருக்கும் உடனே வரவில்லை. ஆனால் சந்தேகம் ஒருமுறை உள்ளே நுழைந்துவிட்டால் தனக்கு வேண்டியதைத் தானே தேடித் தின்னத் தொடங்கிவிடும். அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தார். அண்ணன் காலையில் டூட்டிக்குக் கிளம்பிய கையோடு விளக்கு சிவந்தது. அண்ணன் திரும்பி வந்த கையோடு மறுபடி சிவந்தது. அண்ணன் விடுமுறையில் வீட்டோடு இருந்த நாளில் ஒருமுறைகூடச் சிவக்கவில்லை. வரும்போதும் போகும்போதும் அவர் அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

காரணமும் கையிலேயே கிடைத்தது. அந்த வேலை எந்த ஊரில் என்று கேள்விப்பட்ட அன்று அண்ணன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிரவே இல்லை. "அவ்வளவு தூரமா? இங்க கிடைக்காதா? பொம்பளப் புள்ள தனியா என்ன பண்ணும்?" என்றார். மகள் சிரித்துக்கொண்டே "நீங்களும் வந்துடுங்க பெரியப்பா, அங்கயும் பஸ் ஓடுது" என்றாள். அண்ணன் சிரிக்கவில்லை.

மனைவியிடம் இதைச் சொன்னபோது அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா? மாமாவா? அந்த மனுஷனுக்கு செல்போன்ல நம்பர் போடவே நம்ம பொண்ணு வேணும். நெட்டு எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். கம்பெனி ஆளுங்க ஒயர் போட்ட அன்னைக்கு வீட்ல இருந்தது அவருதான். கூட நின்னு எல்லாத்தையும் பாத்தவரு."

"போங்க, போய்த் தூங்குங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஹால் சுவரில் இருந்த படத்தை நேராக்கினாள். மகள் பட்டம் வாங்கிய படம் அது. அண்ணன் தன் செலவில் பெரிதாக்கி, தேக்குச் சட்டம் போட்டு, பஸ்ஸிலேயே வைத்து ஊரெல்லாம் சுற்றிக் காட்டிவிட்டு அப்புறம்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். சுவரில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. மாட்டிய நாளிலிருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருந்தது. யார் கண்ணில் பட்டாலும் ஒரு தட்டுத் தட்டி நேராக்கிவிட்டுப் போவார்கள்.

நேர்காணல் நாள் வந்தது. லிஃப்ட்காரர் வேலைக்குப் போகவில்லை. மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அம்மா மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டு நெட் பெட்டிக்கு எதிரே காவலுக்கு உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து மகளின் குரல், அலுவலக மொழியில், கொஞ்சம் நடுங்கி, பிறகு நிமிர்ந்து ஒலித்தது. விளக்கு பச்சை.

அண்ணன் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டிப்போயிருந்தது. கதவுச் சத்தம் கேட்கவில்லை. டூட்டிக்கு அரை நிமிஷம் பிந்தினாலும் உயிர் போனது போலப் பதறுகிற மனுஷர் இன்றைக்கு மட்டும் ஏன் கிளம்பவில்லை? லிஃப்ட்காரருக்கு மூக்கில் வியர்த்தது. செருப்பில்லாமல், ஒவ்வொரு படியாக, ஓசைப்படாமல் இறங்கினார்.

அண்ணன் அங்கேதான் நின்றார். சீருடை போட்டு, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டி, கிளம்பத் தயாராகி, கிளம்பாமல் நின்றார். ஒரு கை திறந்திருந்த கதவின் விளிம்பைப் பிடித்திருந்தது. கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு பழைய துண்டு மடித்துச் செருகியிருந்தது. இன்னொரு கை சுவரில் ஊன்றியிருந்தது, பெட்டிக்குப் பக்கத்தில். லிஃப்ட்காரர் அந்த இரண்டாவது கையை மட்டும்தான் பார்த்தார்.

"டூட்டிக்குப் போகலையா?"

மேலே பேச்சு நடக்கிறதே என்று கிசுகிசுப்பாகத்தான் கேட்டார். அண்ணனும் கிசுகிசுப்பாகவே பதில் சொன்னார்.

"போகணும்டா. நீ மேல போ."

"நான் மேல போனதும் கழட்டி விடலாம்னா?"

"எதை?"

"தெரியாத மாதிரி நடிக்காத." பேச ஆரம்பித்த நாளிலிருந்து அண்ணனை 'நீங்க' என்று மட்டுமே கூப்பிட்ட வாய், முதல் தடவையாக 'நீ'க்கு இறங்கியது. "நீ போகும்போது போகுது. நீ வரும்போது போகுது. பெட்டி மேல உன் பெயிண்ட் இருக்கு. அவ வெளியூர் போறது உனக்குப் புடிக்கல. அதுக்காகப் புள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போடுவியா?"

"டேய்..."

"உனக்குன்னு ஒண்ணு இருந்திருந்தா தெரியும். பெத்தாத்தானே தெரியும்?"

கத்திச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. கத்தும்போது ஆத்திரத்தில் வாய் தவறிவிட்டது என்று பிற்பாடு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இது ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக, காதோடு காதாகச் சொன்ன பேச்சு. அண்ணனின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் தம்பியைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்தார்.

"மெதுவாப் பேசு. புள்ள பேசிட்டிருக்கு" என்றார்.

இடத்தை விட்டு நகரவில்லை. லிஃப்ட்காரரும் நகரவில்லை. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று, இனிமேல் கண்ணை எடுத்தால்தானே ஆபத்து என்று கடைசிப் படியில் காவலாக நின்றார். வெளியிலிருந்து காற்று வந்து கதவைத் தள்ளும்போதெல்லாம் அண்ணனின் கை இறுகியது. அப்படியே இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள், மேலே மகளின் குரல் ஓடிக்கொண்டே இருந்தது.

கடைசியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அறைக்கதவு திறந்தது. "அம்மா, முடிஞ்சிருச்சு! ஒரு தடவைகூடக் கட் ஆகலம்மா!"

அண்ணனின் தோள் இறங்கியது. உதட்டோரம் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது, தம்பி நிற்பது நினைவுக்கு வந்து பாதியிலேயே போய்விட்டது. துண்டை உருவி, நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். கதவை இழுத்தார். அது மூடிக்கொள்ளவில்லை. இன்னும் ஓங்கி இழுத்தார். தடார். பூட்டினார், சாவியைச் சட்டைப் பையில் போட்டார், தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

மேலேயிருந்து மனைவியின் குரல் வந்தது: "என்னங்க, மறுபடியும் சிவப்பு!"

லிஃப்ட்காரர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். அண்ணனின் இரண்டு கையையும் அவர் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்? ஒன்று கதவில், ஒன்று சாவியில். பெட்டிப் பக்கம் ஒரு விரல்கூடப் போகவில்லை. கண் பார்த்ததை எப்படி இல்லை என்பது?

விளக்கு மறுபடி பச்சையாகும்வரை காத்திருந்தார். "லைட்டையே பாரு, என்ன கலர்னு சொல்லிட்டே இரு" என்று மேலே குரல் கொடுத்துவிட்டு, கதவுக்குப் பக்கத்துச் சுவரில் கையால் ஒரு குத்துக் குத்தினார்.

"பச்சை."

தோளால் ஓங்கி இடித்தார்.

"பச்சை... இல்ல, சிவப்பு! சிவப்பு! என்னங்க பண்றீங்க அங்க?"

அதிர்ச்சியில் போகிறது என்றால் எங்கோ ஒயர் நசுங்கியிருக்கிறது. இதுகூடத் தெரியாதவரா அவர்? கேபிள் நசுங்கிய லிஃப்ட் எத்தனை பார்த்திருக்கிறார். பெட்டியிலிருந்து ஒயர் சுவருக்குள் போயிருந்தது. அது மேலே ஹாலில் வெளியே வருகிறது. நடுவில் இருப்பது ஒரே சுவர். கீழ்வீட்டு வாசல்கதவின் நிலை பதிந்திருக்கும் அதே சுவர்தான் நிமிர்ந்து மேலே போய் அவர் ஹாலின் சுவராகிறது. அவர் மெதுவாகப் படியேறினார். ஹாலில் மகளின் படம் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. சற்று முன் தோளால் இடித்ததில் இன்னும் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

அந்தப் படத்துக்கு ஸ்க்ரூ அடித்தது யார்? டிரில்லிங் மிஷினை எடுத்து, கனமான படம், நன்றாக ஆழமாகப் போகட்டும் என்று பெரிய பிட்டாகப் போட்டு, சுவருக்குள் என்ன ஓடுகிறது என்று கீழே ஒரு குரல் கொடுத்துக் கேட்காமல் துளை போட்டது யார்? அது நடந்தது அண்ணன் பெயிண்ட் அடித்ததற்கு முன்பா, பின்பா? பின்பு. நெட் போக ஆரம்பித்ததோ அதற்கும் பின்பு.

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் கம்பெனிப் பெண் வந்தபோது ஒரு வினோதம் நடந்தது. தன் வாழ்நாளில் முதல்முறையாக லிஃப்ட்காரர், தான் கண்டுபிடித்த பழுது தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். பெட்டியிலேயே இருக்கட்டும், தெருவில் இருக்கட்டும், எலி கடித்திருக்கட்டும், எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், இந்தப் படத்துக்குப் பின்னால் மட்டும் வேண்டாம். அவள் கீழே பெட்டியில் ஒயரைக் கழற்றி, பேனா மாதிரி ஒன்றைச் செருகினாள். அது சிவப்பு வெளிச்சத்தை ஒயருக்குள் அனுப்பும், நசுங்கிய இடத்தில் வெளிச்சம் வெளியே கசியும் என்றாள். மேலே வந்து திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, விளக்கை அணைக்கச் சொன்னாள். சுவரைத் தடவிக்கொண்டே வந்து படத்துக்கு முன்னால் நின்றாள்.

"இதை இறக்கலாமா சார்?"

அவரே இறக்கினார். ஸ்க்ரூ படத்தின் பாரத்தில் கீழ்நோக்கி வளைந்து போயிருந்தது. அவள் அதைத் திருகி உருவினாள். இருட்டில், துளைக்குள்ளிருந்து, செக்கச்செவேல் என்று ஒரு பொட்டு வெளிச்சம் வெளியே வந்தது. மகள் "ஐயோ, அழகா இருக்கே" என்றாள்.

"உள்ள பழைய டெலிபோன் பைப்பு போகுது. ஸ்க்ரூ அதுக்குள்ள இறங்கி ஒயரை அழுத்தியிருக்கு. படம் கனம், நாளாக நாளாக ஸ்க்ரூ இறங்கிட்டே இருந்திருக்கு. சுவர் அதிரும்போதெல்லாம் ஒரு அழுத்து அழுத்தியிருக்கும்" என்றாள் அந்தப் பெண். "ஒயர் போட்ட அன்னைக்கு நானும் வந்திருந்தேன் சார். இந்தப் பைப்பு இருக்குன்னு காட்டினதே கீழ்வீட்டு அண்ணன்தான். மேல்வீட்ல ஒயர் தொங்கினா அசிங்கமா இருக்கும்னு கூடவே நின்னு உள்ள விட வச்சாரு." பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: "கடைசியா இந்தச் சுவத்துல யாரு சார் கை வச்சது?"

மனைவி அவரைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு வாயைப் பொத்தினாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"நான்தான்" என்றார் லிஃப்ட்காரர்.

"அப்போ பெரியப்பா சொன்னது சரிதான்" என்றாள் மகள். "நேத்து நான்தான் அவர்கிட்ட சொன்னேன்பா. நீங்க கதவைச் சாத்தும்போதெல்லாம் நெட் போற மாதிரி இருக்கு பெரியப்பா, எனக்கே சந்தேகமா இருக்குன்னு. சுவர் அதிருதுல்ல, அதனால இருக்கும்னாரு. நாளைக்கு நீ பேசி முடிக்கிற வரைக்கும் இந்தக் கதவு சாத்தாது, நீ கவலைப்படாம பேசுன்னு சொன்னாரு. பெரியம்மா காலையிலயே வேலைக்குப் போயிடுவாங்க. வீட்டைத் திறந்து போட்டுட்டும் போக முடியாது. அதான் பஸ்ஸை வேற டிரைவர்கிட்ட குடுத்துட்டு, கதவைப் புடிச்சிட்டே நிக்கிறேன்னாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்ககிட்ட சொன்னா, கதவுல கடைசியா யாரு கை வச்சதுன்னு ஆரம்பிச்சிருவீங்க" என்று சொல்லிச் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள், கம்பெனிப் பெண்கூட. லிஃப்ட்காரரின் காதில், மெதுவாப் பேசு, புள்ள பேசிட்டிருக்கு என்ற குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவர் காலையில் அண்ணனிடம் சொன்னது யாருக்கும் தெரியாது. மனைவிக்குத் தெரியாது, மகளுக்குத் தெரியாது. அண்ணன் சொல்லவும் மாட்டார். மூடி மறைத்துவிடலாம். அந்த எண்ணம் வந்ததற்கே அவருக்குத் தன்மேல் வெறுப்பு வந்தது.

கம்பெனிப் பெண் புது ஒயர் இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனதும் அவர் பரண்மேல் கிடந்த இழைப்புளியை எடுத்துக்கொண்டு கீழே போனார். அண்ணி வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"என்ன தம்பி, கதவு ஞாபகம் வந்துருச்சா? மழை கொட்டப்போகுது போ" என்றாள்.

"ஆமா அண்ணி" என்றார்.

கதவைக் கீலிலிருந்து கழற்றிப் படுக்கப் போட்டார். சீவினார். உப்பியிருந்த மரம் சுருள் சுருளாக வந்தது. கொஞ்சம் சீவினால் போதும், அவரோ கை ஓயும்வரை சீவினார். விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், கீலுக்கு எண்ணெய் விட்டார், தாழ்ப்பாளை இடம் மாற்றி அடித்தார். ஊரில் எந்தக் கட்டடத்துக்கும் அவர் இவ்வளவு பார்த்துப் பார்த்து வேலை செய்ததில்லை. மாட்டிவிட்டு ஒரு விரலால் தள்ளினார். கதவு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது. சத்தமே இல்லை.

"அட, பூனை மாதிரி சாத்துதே!" என்று அண்ணி திறந்து திறந்து மூடிப் பார்த்தாள். பிறகு அடுப்பைப் பார்க்க உள்ளே போனாள்.

சாயங்காலம் அண்ணன் வந்தார். வாசலில் சீவலைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கையால் விளிம்பைத் தடவினார்.

"நல்லா பண்ணியிருக்க" என்றார்.

"அண்ணே." லிஃப்ட்காரர் அள்ளிய சீவலைக் கீழே போட்டார். "தப்பு எம்மேலதாண்ணே. நான் போட்ட ஸ்க்ரூதான். நம்ம பொண்ணு எல்லாத்தையும் சொன்னா. நான் என்னென்னமோ பேசிட்டேன். என்னைச் செருப்பால அடிங்க."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லடா. கோவத்துல சொல்றதுதான்."

"இல்லண்ணே, நான் அப்படி சொல்லியிருக்கவே கூடாது..."

"நீ இல்லாததைச் சொல்லலையே" என்றார் அண்ணன். குரலில் கோபம் ஒரு துளிகூட இல்லை. அது இருந்திருந்தால் தம்பி அதையே பிடித்துக்கொண்டு கெஞ்சியிருப்பார். "எனக்கு இல்லதானே. இத்தனை நாளா நான்தான் அதை மறந்துட்டு இருந்திருக்கேன். சரி, போ. கை காலைக் கழுவு, உடம்பெல்லாம் தூளு."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அது அவர் கையை விட்டு நகர்ந்து போய், ஓசையில்லாமல் நிலையோடு சேர்ந்தது.

லிஃப்ட்காரர் இழைப்புளியோடு மேலே ஏறினார். மாடிப்படி வாசலிலேயே மகள் உட்கார்ந்திருந்தாள், முழங்காலைக் கட்டிக்கொண்டு, கையில் செல்போனோடு. முகமே எல்லாவற்றையும் சொன்னது.

"வேலை கிடைச்சிருச்சாம்மா?"

"சொல்ல மாட்டேன். முதல்ல பெரியப்பாகிட்டதான் சொல்லுவேன். அம்மாகிட்டகூட இன்னும் சொல்லல" என்று கண்ணை உருட்டினாள். "கதவுச் சத்தம் கேட்டதும் ஓடலாம்னு எவ்வளவு நேரமா உக்காந்திருக்கேன். இன்னும் வரலையா அவரு?"

"வந்துட்டாரும்மா."

"எப்போ? சத்தமே கேக்கலையே!"

அவள் எழுந்து, அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினாள். கீழே கதவை இரண்டு கையாலும் தட்டுவது கேட்டது. "பெரியப்பா! பெரியப்பா!" என்று கூப்பிடுவது கேட்டது. லிஃப்ட்காரர் மேல்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று காது கொடுத்தார். அதற்குப் பிறகு கதவு திறந்ததா இல்லையா என்று அங்கிருந்து அவருக்குத் தெரியவில்லை.